கார் நிறுத்தும் தளத்தில் பில்லர் விரிசல்: எந்தச் சோதனையைக் கேட்பது?

வணக்கம். நாங்கள் இருப்பது 2011-ல் கட்டிய 12 மாடிக் கட்டடம். தரைத்தளம் முழுக்க கார் நிறுத்தம். சுவரே கிடையாது, வெறும் பில்லர்கள்தான். மூன்று வாரம் முன்பு இரவில் லேசான நில அதிர்வு. காலையில் பார்த்தால் மூலையில் உள்ள இரண்டு பில்லர்களில், பீம் வந்து சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, சாய்வாக விரிசல். ஒன்றில் ஏடிஎம் அட்டையின் ஓரம் உள்ளே போகிறது.

கட்டியவர் "பூச்சு விரிசல்தான்" என்று சொல்லி பட்டி வைத்து மூடினார். பத்தே நாளில் அதே கோட்டில் திரும்ப வந்துவிட்டது. அப்புறம் விரிசல் இன்னும் நகர்கிறதா என்று பார்க்க, நாங்களே அதற்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டினோம். நான்காம் நாள் உடைந்து கிடந்தது. கம்பி விவரம் உள்ள வரைபடம் கேட்டோம். அறைகளின் பிளான் மட்டும் தந்தார்கள். ஒரு பொறியாளர் ரிபவுண்ட் ஹாமர் வைத்துத் தட்டி, கான்கிரீட் நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் அது மேற்பரப்பின் கடினத்தைத்தானே காட்டும்? உள்ளே நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, அதன் கொக்கி 135 டிகிரி மடக்கியிருக்கிறதா, வெறும் 90-தானா என்று அது சொல்லாது. 2001 பூஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில், இப்படித் தரைத்தளம் திறந்திருந்த அடுக்குமாடிகள் பல விழுந்தன. அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. மேலே குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிறார்கள். அந்த மூலையில் இப்போது யாரும் வண்டி விடுவதில்லை.

விரிசல் கான்கிரீட் வரை போயிருக்கிறதா, ரிங் சரியாக இருக்கிறதா, இரண்டையும் உறுதியாகத் தெரிந்துகொள்ள முதலில் எந்தச் சோதனையைக் கேட்க வேண்டும்: கம்பி ஸ்கேனரா, பூச்சைக் கொத்திப் பார்ப்பதா?