“கட்டி வைமா” என்று சொன்னவருக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

டோல்கேட் தையல்காரி:

வணக்கம். இங்கே தினமும் படிப்பேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பையனுக்கு எட்டு வயது. ஆட்டிசம். மூன்று வயதில் தெரிந்தது. பேச்சு இருக்கிறது, ஆனால் காதில் விழுந்ததைத்தான் திருப்பிச் சொல்வான். யார் சொன்னார்களோ அதே குரல், அதே இழுவை. மெட்ரோ என்றால் உயிர். விம்கோ நகரில் ஆரம்பித்து வண்ணாரப்பேட்டை வரைக்கும் ஒரு ஸ்டேஷன் விடாமல் அந்த அறிவிப்பு அம்மா மாதிரியே ஒப்பிப்பான். “கதவுகள் இடதுபுறம் திறக்கும்” என்பதையும் விட மாட்டான். எங்கள் ஏரியா ஸ்டேஷனை நாங்கள் எல்லோரும் டோல்கேட் என்கிறோம், அவன் மட்டும் சுங்கச்சாவடி என்பான். எங்கள் தெருவிலேயே சுத்தத் தமிழ் பேசுகிற ஒரே ஆள் அவன்தான்.

நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். பத்து நாளைக்கு ஒருமுறை லைனிங் துணி, ஃபால்ஸ், கொக்கி வாங்க வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைத்தெருவுக்குப் போயாக வேண்டும். வீட்டுக்காரருக்கு மணலியில் ஷிஃப்ட். மாமியாருக்கு முட்டி வலி, இவன் பின்னால் ஓட முடியாது. அதனால் இவனும் என்னோடு வருவான். லைனிங் கடையில் அவனுக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. கலர் கலராக அடுக்கியிருக்கும் துணிக்கட்டுகளைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம்கூட உட்கார்ந்திருப்பான். அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், கடை வேலை முடிந்து, பர்மா நூடுல்ஸ் விற்கிற அத்தோ வண்டிப் பக்கம் நின்றோம். எனக்கு ஒரு அத்தோ, இவனுக்கு அவித்த முட்டையின் வெள்ளைக்கரு, மொறுமொறுவென்று பொரித்த பேஜோ இரண்டு. அவன் வெளியில் சாப்பிடுவது இவ்வளவுதான். அத்தோக்காரர் நூடுல்ஸில் முட்டைக்கோஸும் வறுத்த வெங்காயமும் போட்டு, புளித்தண்ணி விட்டு, கையால் பிசைந்துகொண்டிருந்தார். அன்றைக்குக் கூட்டம். இவனுடைய பேஜோ வரத் தாமதமானது. பக்கத்தில் ஒருவர் தட்டோடு நின்றிருந்தார், தட்டின் ஓரத்தில் பேஜோ. நான் பர்ஸில் சில்லறை தேடுவதற்குள் இவன் கை விட்டு எடுத்துவிட்டான்.

“இன்னாமா புள்ள வளத்துக்கினுகிற? என் தட்டுல கைய வுடுறான்?”

தப்பு எங்கள் மேல்தான். தட்டில் யாரோ கை விட்டால் எனக்கும் கோபம் வரும். “மன்னிச்சுக்குங்கண்ணா, வேற தட்டு வாங்கித் தரேன், இவனுக்கு ஆட்டி...” என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

“காசு யார் கேட்டா? இந்த மாதிரி புள்ளய ஊட்ல கட்டி வைமா. ரோட்டுக்கு ஏன் இட்னு வர்ற?”

சுற்றி நின்ற ஒரு பெண், போனைக் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்றார். ஒரு பாட்டி, தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துப் பார் என்றார். இதெல்லாம் எனக்குப் பழக்கம். மாமியார் புண்ணியத்தில் ராயபுரம் சுற்றுவட்டாரத்தில் மந்திரிக்காத இடம் பாக்கி இல்லை.

அப்போது நான் செய்ததைத்தான் எழுதக் கை வரவில்லை. பையனை அறைந்தேன். முதுகில் ஒன்று, கன்னத்தில் ஒன்று. நானும் கண்டிக்கிற அம்மாதான் என்று அங்கே நின்ற பத்துப் பேருக்கும் தெரியட்டும் என்றுதான் அடித்தேன். அவன் அழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு “கதவுகள் இடதுபுறம் திறக்கும்” என்றான். திரும்பத் திரும்ப.

அன்றிலிருந்து அவன் வாயில் “கட்டி வைமா” வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த ஆளின் குரலிலேயே. ராத்திரி விளக்கை அணைத்ததும் சொல்கிறான், மிஷின் நிற்கும்போது சொல்கிறான்.

இந்த மாதிரி ஆட்களுக்கு நீங்கள் எல்லாம் என்ன பதில் சொல்கிறீர்கள்? இவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை எப்படி எடுப்பது?

காசிமேட்டு அப்பா:

அம்மா, அடித்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நானும் அடித்திருக்கிறேன், அதே காரணத்துக்குத்தான்.

என் பெண்ணுக்குப் பதினோரு வயது. வெளியே வந்தால் கையை உதறுவாள், குதிப்பாள், திடீரென்று கத்துவாள். ஆரம்பத்தில் யார் என்ன சொன்னாலும் சண்டைக்குப் போய்விடுவேன். மீன் ஏலத்தில் நிற்கிறவன், தொண்டைக்குப் பஞ்சம் இல்லை. ஒருநாள் கல்மண்டபம் பக்கம் ஒருவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் பெண் தரையில் உட்கார்ந்து தன் கையைத் தானே கடித்துக்கொண்டிருக்கிறாள். அவன் பேசியது அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, நான் கத்தியதுதான் அவளை அப்படி ஆக்கியது. பல் பட்ட தடம் நாலு நாள் இருந்தது.

இப்போது ஒரே வரிதான் வைத்திருக்கிறேன். “பொண்ணுக்கு ஆட்டிசம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க.” அவ்வளவு சொல்லிவிட்டு கூட்டத்துக்கு முதுகைக் காட்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். நடுரோடாக இருந்தாலும் சரி. பெரிய ஆள் தரையில் உட்கார்ந்தால் என்னவோ ஏதோ என்று பாதிப் பேர் நகர்ந்துவிடுகிறார்கள்.

விளக்கம் எல்லாம் நாளைக்கும் பார்க்கப் போகிற ஆட்களுக்கு மட்டும். மளிகைக்கடை அண்ணாச்சி, ஷேர் ஆட்டோக்காரர், பால் பூத் அக்கா. அவர்களிடம் நின்று நிதானமாகப் பேசுவேன். உங்கள் லைனிங் கடையில் ஸ்டூல் போடுகிறார்களே, அந்த மாதிரி. வழியில் போகிறவனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தால் ஏலம் முடிந்துவிடும், மீனும் கெட்டுவிடும்.

சும்மா ஒருத்தன்:

யாரையும் புண்படுத்த எழுதவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எம்.சி. ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தெரிந்தே கூட்டிப்போவதும் குழந்தைக்குக் கஷ்டம்தானே? கூட்டமான இடத்தைத் தவிர்க்கலாமே. அந்த மனிதரும் பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

டோல்கேட் தையல்காரி:

தம்பியோ அண்ணனோ, தெரியவில்லை. அவருக்குத் தெரியாது, சரி. அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.

தவிர்க்கலாம் என்கிறீர்கள். கல்யாண வீட்டைத் தவிர்த்தாயிற்று. வடிவுடையம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போவதைத் தவிர்த்தாயிற்று. சினிமா பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. லைனிங்கும் வாங்கக் கூடாது என்றால் பிளவுஸ் எப்படித் தைப்பது? காலையில் போகலாம் என்றால் இவனுக்குப் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டம் இன்னும் மோசம்.

இருந்தாலும் நேரத்தை மாற்றிப் பார்க்கிறேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை, எனக்கே தோன்றியதுதான்.

ரிட்டையர்டு கண்டக்டர்:

நான் காலடிப்பேட்டைக்காரன். பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் விசில் ஊதியவன். உங்கள் கதையில் வரும் அந்த ஆளின் கட்சியில் இருந்தவன் நான், அதனால் எழுதுகிறேன்.

ஒருநாள் எண்ணூர் வண்டியில் ஒரு அம்மா, மடியில் ஐந்து வயதுப் பிள்ளை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அந்தப் பிள்ளை அலறியது. பயணிகள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வெயில், கூட்டம், டிக்கெட் கணக்கு வேறு உதைக்கிறது. “எறங்கிடுமா, அடுத்த வண்டில வா” என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. இறங்கிப்போய் ஸ்டாப்பில் வண்டியைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டார்.

ரிட்டையர் ஆன பிறகு என் தங்கை பேரன் வீட்டுக்கு வந்தான். பழைய ஞாபகத்தில் விளையாட்டாக விசிலை எடுத்து ஊதினேன். காதைப் பொத்திக்கொண்டு அதே அலறல். அப்போதுதான் தோன்றியது. அன்றைக்கு அந்தப் பிள்ளை ஸ்டாப்புக்கு ஸ்டாப் அலறியது எதனால்? ஸ்டாப்புக்கு ஸ்டாப் ஊதியது யார்?

ஒரு யோசனை. பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள். “விசிலுக்குப் பயப்படுவான், கொஞ்சம் கையால தட்டுங்க சார்.” இவ்வளவு போதும். வண்டி பாடியில் இரண்டு தட்டு தட்டினால் டிரைவருக்குக் கேட்கும், நாங்கள் பழகியதுதான். பிரச்சினை வந்த பிறகு சொன்னால் சாக்கு மாதிரி கேட்கும். முன்னாலேயே சொன்னால் பொறுப்பை எங்கள் தலையில் கட்டின மாதிரி. அப்புறம் நாங்களே மற்றவர்களை அதட்டுவோம், எங்களுக்கு அதில் ஒரு பெருமை.

சிறப்பாசிரியை:

நான் வியாசர்பாடியில் சிறப்பாசிரியையாக இருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

கேட்டதை உடனேயோ நாள் கழித்தோ திருப்பிச் சொல்வதை எக்கோலாலியா என்போம். பெரும்பாலும் அது வெறும் ஒலி இல்லை. அந்த வார்த்தை எந்த உணர்ச்சியோடு உள்ளே போனதோ, அந்த உணர்ச்சி வரும்போது வெளியே வரலாம். விளக்கு அணையும்போது, மிஷின் நிற்கும்போது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே பழகிய ஒன்று சட்டென்று நிற்கிற நேரம். “பயமாக இருக்கிறது” என்பதை அவன் இப்படிச் சொல்கிறானோ என்னவோ. பத்து நாள் குறித்து வையுங்கள்: எப்போது சொன்னான், அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் என்ன நடந்தது.

“அப்படிச் சொல்லாதே” என்று அதட்ட வேண்டாம், அந்த அதட்டலையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்துவிடுவான். அவன் சொல்வதற்கு முன்னால் நீங்கள் வேறு வரியைப் போடுங்கள். விளக்கை அணைக்கப் போகிறபோது, “அடுத்த நிலையம் தூக்கம்” என்று அந்த மெட்ரோ அம்மா குரலில் சொல்லிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், என் பிள்ளைகளிடம் இப்படித்தான் வேலை நடக்கிறது.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பொது இடத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரை இழிவுபடுத்த வேண்டும் என்றே அவமதித்தாலோ மிரட்டினாலோ, 92ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறையும் அபராதமும் உண்டு. அத்தோ வண்டிச் சண்டைக்கு போலீஸ் ஸ்டேஷன் ஏறச் சொல்லவில்லை, அங்கே வேண்டுமென்றே செய்தார் என்று காட்டுவது சுலபம் இல்லை. ஆனால் தெருவிலோ அபார்ட்மென்ட்டிலோ ஒரே ஆள் தொடர்ந்து செய்தால் இந்தப் பிரிவின் பெயரைச் சொன்னாலே போதும், குரல் இறங்கிவிடும். மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை, அந்த யூ.டி.ஐ.டி. கார்டு, வாங்கவில்லை என்றால் வாங்கிவிடுங்கள்.

முழுப் பரிசோதனை வேண்டுமானால் முட்டுக்காட்டில் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. டோல்கேட்டிலிருந்து முட்டுக்காடு என்றால் ஒரு நாள் காலி, தெரியும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே தெற்கேதான் இருக்கிறது.

டோல்கேட் தையல்காரி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

குறித்து வைத்தேன் டீச்சர். பத்து நாளில் பதினேழு தடவை சொன்னான். அதில் பதினொன்று ராத்திரி. “அடுத்த நிலையம் தூக்கம்” என்று முதல் நாள் சொன்னபோது என்னை உற்றுப் பார்த்தான். நாலாம் நாள், “கதவுகள் இடதுபுறம் திறக்கும்” என்று அவனே முடித்துவைத்தான். எங்கள் கட்டிலுக்கு இடதுபுறம் சுவர். அதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை.

நேற்று மறுபடி எம்.சி. ரோடு போனோம். பள்ளி விட்டதும் நேராகப் போய், ஐந்து மணிக்கெல்லாம் லைனிங் வேலை முடிந்துவிட்டது. அத்தோ வண்டி அப்போதுதான் போட்டிருந்தார்கள், ஒரு ஆள் இல்லை. நான் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தேன், இவன் நின்றுவிட்டான். நின்று, அந்த ஆளின் குரலிலேயே, சத்தமாக, “கட்டி வைமா” என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அத்தோக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “பார்சலா தம்பி? இதோ கட்டிடறேன்” என்று சொல்லிவிட்டுப் பிசைய ஆரம்பித்துவிட்டார்.

பொட்டலம் கட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, அவன் கையில் கொடுத்தார். பேஜோ தனியாக ஒரு பேப்பரில். இவன் அந்த ரப்பர் பேண்டை இரண்டு தடவை இழுத்து விட்டுப் பார்த்தான். டோல்கேட் வரும்வரை பொட்டலத்தை மடியை விட்டு இறக்கவில்லை.

இன்று காலையில் எழுந்ததும், “கட்டி வைமா”. அதே குரல்தான். ஆனால் கை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றான். இட்லியை ஒரு பேப்பரில் மடித்து ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன், பிரித்துச் சாப்பிட்டான். ராத்திரி சொல்வது இன்னும் முழுசாக நிற்கவில்லை, குறைந்திருக்கிறது.

கண்டக்டர் ஐயா, சனிக்கிழமை இவனை பஸ்ஸில் எண்ணூருக்கு, என் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகப் போகிறேன். கண்டக்டரிடம் முன்னாலேயே சொல்கிறேன். கையால் தட்டாமல் விசில்தான் ஊதுவேன் என்றால் உங்கள் பெயரைச் சொல்லலாமா?