சீட் ரெயில் செட்: புது நகல் வாங்குவதா, பழையதையே தேற்றுவதா?

நீலகூபே66

1966 ஃபோர்டு மஸ்டாங் கூபே (இரண்டு கதவு கார்). ஓட்டுநர் சீட்டை இறக்கும்போது, அது முன்னும் பின்னும் நகர்கிற இரண்டு ரெயில்களில் ஒன்றின் பின்பக்க ஸ்டட் (தலையில்லாத மரைக்கம்பி) நட்டோடு சேர்ந்து முறிந்துவிட்டது. இந்தக் காரைத் தொடாதவர்களுக்காக: ஸ்டட் ரெயிலோடு சேர்ந்தே இருக்கும். அது சீட் மேடைத் தகட்டைத் துளைத்துக் கீழே இறங்கும். காரின் அடியில் படுத்து, ரப்பர் மூடியைப் பிடுங்கிவிட்டு நட்டைக் கழற்ற வேண்டும்.

ரெயிலில் துரு மேலோட்டமாகத்தான் இருக்கிறது, சீட்டைப் பூட்டும் கொண்டி விழும் பற்களும் தேயவில்லை. முறிந்த ஸ்டட்டை மட்டும் மாற்றலாமா? இல்லை, ரெயில், ஸ்பிரிங், இணைப்புக் கம்பி, நட், வாஷர் எல்லாம் அடங்கிய நகல் செட்டாக வாங்கிவிடலாமா? கண்காட்சிக்கு எடுத்துப்போகும் எண்ணம் இல்லை. குடும்பத்தோடு ஓட்டத்தான் போகிறேன்.

முறுக்குவிசை

புது செட் வாங்குங்கள். ஒரு ஸ்டட் துருவில் முறிந்தது என்றால் மற்ற மூன்றும் அதே ஈரத்தில்தான் இத்தனை வருஷம் நின்றிருக்கின்றன. துரு மரையின் அடிப்பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும், வெளியே கம்பி பிரஷ் போட்டால் பளபளப்பாகத்தான் தெரியும். ரெயிலின் மடிப்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியே இல்லை. குடும்பம் உட்காரப்போகிற சீட்டில் இந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். நட், போல்ட்டை முடிந்தால் 10.9 கிரேடுக்கு (எண் கூடினால் வலு கூடும்) ஏற்றிவிடுங்கள்.

அச்சுஅசல்

நான் இதற்கு நேர் எதிர். கையில் எடுத்துப் பார்த்த நகல் ரெயில்களில் பல, அசலைவிட மெல்லிய தகட்டில் செய்தவை. அதைவிடப் பெரிய குறை பல் இடைவெளி. இடது ரெயிலும் வலது ரெயிலும் ஒரே இடத்தில் பூட்ட வேண்டும். ஒரு பக்கக் கொண்டி பள்ளத்தில் விழும்போது மறுபக்கக் கொண்டி பல்லின் தலையில் நின்றால், சீட் ஒற்றைப் பக்கத்தில்தான் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். சாதாரணமாக ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. பிரேக்கை அழுத்தி மிதிக்கிற அன்றைக்கு சீட் கோணலாகத் திரும்பும்.

வாங்கியே தீருவது என்றால், மாட்டுவதற்கு முன் இரண்டையும் மேசையில் அருகருகே வைத்து ஒவ்வொரு பல்லிலும் நிறுத்திப் பாருங்கள். துளைகளின் மையத் தூரத்தையும் அசலோடு வைத்து அளந்துவிடுங்கள். துளை 2 மி.மீ. தள்ளியிருந்தால் பலர் அரத்தை எடுத்து நீள்வட்டமாக்கிவிடுகிறார்கள். அப்புறம் ரெயில் இழுத்துப் பிடித்தபடியே உட்காரும், ஸ்லைடர் (சீட்டோடு நகரும் மேல் ரெயில்) இறுகும், பூட்டு பாதி விழும். பற்கள் நன்றாக இருக்கிற அசல் ரெயிலைத் தூக்கிப்போட எனக்கு மனம் வராது.

முறுக்குவிசை

அசல் என்பதாலேயே அது வலுவானது ஆகிவிடாது நண்பரே. அமெரிக்காவின் இருக்கைப் பாதுகாப்பு விதி 207 நடைமுறைக்கு வந்ததே 1968 ஜனவரி 1-ல்தான். இருக்கை தன் எடையைப்போல 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்று அது கேட்கிறது. 1966 காருக்கு அந்த நிர்ப்பந்தமே இருந்ததில்லை. மோசமான நகல் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மருந்து நல்ல நகலைத் தேடுவது. துருப்பிடித்ததற்குத் திரும்பிப் போவது இல்லை.

தகட்டுவேலை

இரண்டு பேரும் ரெயிலையும் போல்ட்டையும் பார்க்கிறீர்கள். அவை எதன்மேல் நிற்கின்றன என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

ஒரு கணக்கு போடுவோம். சீட் 15 கிலோ என்றால் 20 மடங்கு என்பது சுமார் 3 கிலோநியூட்டன், அதாவது 300 கிலோ எடையின் விசை. ஒரு எம்8 (8 மி.மீ. தடிமன்), 8.8 கிரேடு போல்ட் இழுவையில் அறுந்துபோக ஏறக்குறைய 29 கிலோநியூட்டன் வேண்டும். நான்கு போல்ட் இருக்கிறது. பழைய அமெரிக்கக் கணக்கில் கிரேடு 5, அதாவது தலையில் மூன்று கோடு போட்டது, வலுவில் கிட்டத்தட்ட இதே இடம்தான். இந்தக் காரில் பெல்ட்டும் தரையில் தனியாக மாட்டப்பட்டிருக்கிறது, முன்மோதலில் உடம்பைப் பிடிப்பது சீட் போல்ட் இல்லை.

கடினமான சோதனை பின்னாலிருந்து இடிபடும்போதுதான். 75 கிலோ உடம்பு புவியீர்ப்பைப்போல 10 மடங்கில் முதுகுச்சாய்வைத் தள்ளினால் 7.4 கிலோநியூட்டன். அந்தத் தள்ளல் ரெயிலுக்கு 40 செ.மீ. மேலே விழுகிறது, முன், பின் ஸ்டட்டுகளுக்கு இடையே 35 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், முன் ஸ்டட் ஒவ்வொன்றையும் சுமார் 4 கிலோநியூட்டன் மேல்நோக்கிப் பிடுங்கும். போல்ட்டுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் துருவில் பாதியாகத் தேய்ந்த ஒரு மில்லிமீட்டர் தகட்டிலிருந்து, சின்ன வாஷர் போட்ட நட் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். 10.9 போட்டாலும் 12.9 போட்டாலும் அதேதான். கூபே66, மேடையின் துளைகளைச் சுற்றி ஸ்குரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். அதைச் சொன்னபிறகு ரெயிலைப் பேசுவோம்.

அச்சுஅசல்

இது சரியான கேள்வி. தடித்த, அகலமான வாஷர் பற்றி நானும் எழுதியிருக்க வேண்டியது.

செட்டோடு வருகிற நட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ., எம்8 போலவேதான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அங்குலத்துக்கு 18 மரை என்றால் இடைவெளி 1.41 மி.மீ., எம்8-ல் அது 1.25. இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகிக்கொள்ளும். அங்கே ஸ்பேனரில் பலம் போட்டு ஏற்றினால் மரை போய்விடும், வெளியே பார்த்தால் முறுக்கு ஏறியதுபோலவே இருக்கும். விரலால் கடைசிவரை ஓடாத நட்டை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

நீலகூபே66

குத்திப் பார்த்தேன். முன் துளைகள் இரண்டும் கெட்டியாக இருக்கின்றன. முறிந்த ஸ்டட் இருந்த பின்துளையைச் சுற்றி ஸ்குரூடிரைவர் உள்ளே போகிறது. மேடையை மாற்றத்தான் வேண்டும் போல. ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் இனிமேல் துருத்தொல்லையே வராது என்று ஒருவர் சொன்னார், அது சரியா? பழைய நட், ஸ்பிரிங் எல்லாவற்றையும் மொத்தமாகத் துத்தநாகப் பூச்சுக்கு அனுப்பலாமா?

முறுக்குவிசை

ஸ்டெயின்லெஸ் இங்கே வேண்டாம். வழக்கமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் கிரேடான ஏ2-70 நிரந்தரமாக நீளத் தொடங்குவது 450 மெகாபாஸ்கல் இழுவையில், 8.8 கிரேடு 640-ல். ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் முறுக்கும்போது ஒன்றையொன்று கவ்வி உருகியதுபோல் ஒட்டிக்கொள்ளவும் கூடும். அதற்கப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

பூச்சில் கவனமாக இருங்கள். மின்முலாம் பூசும்போதும் அதற்குமுன் அமிலத்தில் கழுவும்போதும் எஃகுக்குள் ஹைட்ரஜன் நுழைந்து அதை நொறுங்கக்கூடியதாக்கும். கிரேடு 5, 8.8 மாதிரி மிதமான கடினத்துக்கு அது பெரிய ஆபத்து இல்லை. ஆனால் கொண்டியை இழுக்கிற ஸ்பிரிங்கும் ஸ்பிரிங் வாஷரும் கடினமான எஃகு. பூச்சு முடிந்து மாட்டியபிறகு ஒருநாள் சத்தமில்லாமல் ஒடியக்கூடும். ஸ்பிரிங்கைப் புதிதாகவே வாங்கிவிடுங்கள். பழைய நட்டில் பொன்னிறப் பூச்சு தெரிந்தால் அது காட்மியமாகவும் இருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் டார்ச்சில் சூடாக்குவதும் வேண்டாம், அந்தத் தூசியும் புகையும் நஞ்சு.

தகட்டுவேலை

மேடைக்கு நகல் தகடு வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அதில் குத்தியிருக்கும் துளையை நம்பி அப்படியே வெல்டு வைக்காதீர்கள். இரண்டு ரெயிலையும் சீட்டின் அடிச்சட்டத்தோடு மாட்டி, அந்த மொத்தக் கூட்டையும் புது மேடையில் உட்காரவைத்து, மூலைவிட்ட அளவு இரண்டும் ஒன்றாக வருகிறதா பாருங்கள். ஸ்லைடர் முன்னும் பின்னும் இலகுவாக ஓடிய பிறகு அங்கங்கே புள்ளி வைத்துப் பிடியுங்கள், மறுபடி ஓட்டிப் பாருங்கள், அதற்குப் பிறகு முழு வெல்டு. வெல்டு வைத்த சூட்டிலும் தகடு இழுக்கும். மேடையின் உள்பக்கத்துக்கு மூடுவதற்கு முன்பே வெல்டு பிரைமர் (வெல்டு சூட்டைத் தாங்கும் துருத்தடுப்புப் பூச்சு) அடித்துவிடுங்கள்.

அச்சுஅசல்

அளவு வைக்க அசல் ரெயிலையே வையுங்கள். மேடை வந்துவிட்டது என்றால் என் வழி சுலபம்: முறிந்த ஸ்டட்டை வெட்டி எடுத்துவிட்டு, அதே துளையில் மேலிருந்து கிரேடு 5 போல்ட்டை இறக்கலாம். தலை மெல்லியதாக இருந்தால் மேல் ரெயிலில் இடிக்காது. மீதி மூன்றையும் அப்படியே மாற்றிவிடுங்கள்.

முறுக்குவிசை

தலையை மெல்லியதாக்கக் கடைசல் போட்டால் அது கிரேடு 5 இல்லை. தலைதான் இழுவையைத் தாங்குகிற இடம், அதைச் சீவிவிட்டு மேலே இருக்கிற மூன்று கோட்டைக் காட்டுவதில் என்ன பயன்?

அச்சுஅசல்

சீவச் சொல்லவில்லை. தாழ்ந்த தலையோடு தயாரித்தே வருகிற போல்ட்டை வாங்கச் சொல்கிறேன். அதற்கும் இழுவை வரம்பு குறைவுதான், தயாரிப்பாளர் அட்டவணையில் போட்டிருப்பார்கள். தகட்டுவேலை சொன்ன 4 கிலோநியூட்டனோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முறுக்குவிசை

அந்த அட்டவணை கையில் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கிரேடு எழுதாத, தலையில் குறியே இல்லாத போல்ட் என்றால் செட் வாங்குங்கள் என்றுதான் இப்போதும் சொல்வேன்.

நீலகூபே66

மேடைத் தகட்டுக்குச் சொல்லிவிட்டேன். மூலைவிட்ட அளவு வந்ததும் இங்கே போடுகிறேன், ரெயிலை அதுவரை முடிவு செய்யவில்லை.