டைட்டில் மியூசிக் போட்டவருக்கு விருது கிடைத்ததைப் பார்த்தவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கல்லடி கீபோர்ட்:

நாடகமோ செய்தியோ சமையல் நிகழ்ச்சியோ, எது தொடங்கினாலும் முதலில் வருகிற அந்த முப்பது நாற்பது செக்கன் இசையைப் போட்டவருக்கு விருது கிடைத்ததையோ கிடைக்காமல் போனதையோ கிட்ட இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள். முதலில் நானே தொடங்குகிறேன்.

மட்டக்களப்பில் எங்களுக்கு ஒரு மாஸ்டர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. கோயில் கச்சேரிக்கு ஆர்மோனியம், கல்யாண வீட்டுக்குக் கீபோர்ட், தமிழ்த்தினப் போட்டிக்கு மெட்டு என்று எதற்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தமிழ் நிகழ்ச்சிக்கு டைட்டில் மியூசிக் கேட்டு வந்தபோது, வடமோடிக் கூத்தில் அரசன் வரவுக்கு அடிக்கிற மத்தளக் கட்டைக் கீழே ஓடவிட்டு, சல்லரியைச் சேர்த்து, மேலே ஒரு புல்லாங்குழலை மட்டும் வைத்துக் கொடுத்தார். கூலி என்று கிடைத்தது பஸ் காசும் சாப்பாட்டுப் பார்சலும். அது வருடக்கணக்காக ஓடியது. டவுனில் கடைச் சாமான் எடுத்துக் கொடுக்கிற பொடியன்கள்கூட அதை வாயால் அடிப்பார்கள்.

மறுகா அந்த நிகழ்ச்சிக்குக் கொழும்பில் ஒரு விருது அறிவித்தார்கள். மாஸ்டருக்கு அழைப்பிதழ் யாரோ தெரிந்தவர் மூலம்தான் வந்தது. நானும் அவருடன் இரவு ரயிலில் போனேன். கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் இடம். நிகழ்ச்சியின் பெயரைச் சொன்னதும் தயாரிப்பாளரும் அறிவிப்பாளரும் மேடைக்கு நடக்கிறார்கள், ஒலிபெருக்கியில் மாஸ்டரின் இசையே போகிறது, மண்டபம் முழுக்க அந்தக் கட்டுக்குக் கை தட்டுகிறது. பக்கத்தில் மாஸ்டர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு இருக்கிறார். நன்றி சொல்லும்போது கமெரா பிடித்தவர், மேக்கப் போட்டவர், வான் ஓடினவர் எல்லாரும் வந்தார்கள், இசை போட்டவர் மட்டும் வரவில்லை. எனக்கு முகம் சிவந்துவிட்டது. மாஸ்டர் என் காதுக்குள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “தீர்மானம் வர முதலே வெட்டிப்போட்டானுகள் தம்பி.” தீர்மானம் என்றால் தாளக் கட்டை முடித்து வைக்கிற கடைசி அடி.

திரும்பி வரும்போது விருதுப் பிரிவுகளின் பட்டியலைப் பார்த்தேன். நாடகத்துக்கு இசை என்று ஒன்று இருந்தது. டைட்டில் இசைக்குத் தனியாக எதுவும் இல்லை. சிங்களத் தொலைநாடகங்களுக்கு 1995 முதல் சுமதி விருதுகள், 2005 முதல் ரைகம் விருதுகள் என்று நடக்கின்றன, அங்கே இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் எல்லாரையும் கூப்பிட்டு மேடையேற்றுகிறார்கள். அந்தப் பழக்கம் நம்ம பக்கம் வர இவ்வளவு பஞ்சி ஏன் என்பதுதான் என் கேள்வி.

காரைதீவு மத்தளம்:

மாஸ்டர் தீர்மானத்துக்குக் கவலைப்பட்டாரே, அவர்தான் ஆள்.

நான் கல்லடி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் மிருதங்கம் படித்தவன். கண்ட நடை, அதாவது ஐந்து ஐந்தாக எண்ணுகிற தாள நடை, பலருக்கு ஏறவில்லை என்று ஒருநாள் எங்கட சேர் போனை எடுத்து ‘மிஷன் இம்பாஸிபிள்’ டைட்டிலைப் போட்டார். “எண்ணுங்கடா” என்றார். நாலு நாலாக எண்ணினவன் எல்லாம் தடுமாற, சேர் மேசையில் தட்டிக் காட்டினார்: தகிட தகிட தக திமி. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. இரண்டு ஐந்து சேர்ந்த பத்து, அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு எங்கள் வகுப்பில் கண்டம் பிசகினவன் இல்லை.

அதைப் போட்டவர் அர்ஜென்டினாவில் பிறந்த லாலோ ஷிஃப்ரின். தொடர் 1966இல் தொடங்கியது, 1968இல் அவருக்கு அந்த இசைக்காக இரண்டு கிராமி, அமெரிக்காவின் இசை விருது. டீவி இசைக்குக் கிராமி கொடுப்பது அதற்கும் முந்திய கதை. 1959இல் முதன்முதல் கிராமி கொடுத்தபோது ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’ எடுத்தது ஹென்றி மன்சினியின் ‘பீட்டர் கன்’ இசைத்தட்டு, அதாவது ஒரு துப்பறியும் டீவித் தொடரின் இசை. ஃபிராங்க் சினாட்ராவின் இரண்டு ஆல்பங்களும் அதே போட்டியில் நின்றன. இதை நான் சொன்னால் எங்கட ஆட்கள் நம்புவதில்லை. டீவி மியூசிக் என்றால் சினிமாவுக்கு இடம் கிடைக்காதவன் போடுவது என்று ஒரு நினைப்பு.

படுவான்கரைப் பிள்ளை:

எனக்கு விருது கொடுத்த கதை எல்லாம் தெரியாது, கேட்ட கதைதான் தெரியும். கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் ஊரில் அப்போது கரண்ட் இல்லை, கார் பற்றரியில்தான் டீவி. பற்றரியை மிச்சம் பிடிக்க மாமா டைட்டில் பாட்டு முடிந்த பிறகுதான் டீவியைப் போடுவார். பாட்டு எப்போது முடியும் என்று எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டில் கேட்கும்! அவர்களிடம் இரண்டு பற்றரி. ஆக எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எல்லா டைட்டில் பாட்டும் வேலிக்கு அந்தப் பக்கத்துப் பாட்டுத்தான். படத்தில் என்ன காட்டினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

‘சித்தி’ தொடர் சன் டீவியில் 1999 கடைசியில் தொடங்கியது, எங்களிடம் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. நித்யஸ்ரீ மகாதேவன் பாடின ‘கண்ணின் மணி’, தினாவின் இசை. அதை அவர் பாடின மாதிரியே என் சின்னம்மா நெல் புடைக்கும்போது பாடுவா. போன வருடம் களுவாஞ்சிக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் கீபோர்ட் வாசித்த அண்ணன் இடையில் அதை எடுத்துவிட்டார், பந்தியில் இருந்த அவ்வளவு பெண்களும் சோற்றுக் கையோடு திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சினிமாப் பாட்டுக்கும் அப்படித் திரும்பவில்லை. டி. இமானும் தொடர்களுக்கு இசை போட்டு வந்தவர்தானே? ஆனால் அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது ‘விஸ்வாசம்’ படப் பாட்டுகள். தேசியத் திரைப்பட விருதில் டீவிக்கு இடமில்லை, சரி, திரைப்பட விருது என்றுதானே பெயர். டீவிக்கு வேறு யார் கொடுப்பார்?

கல்லடி கீபோர்ட்:

வேலிக்கு அந்தப் பக்கத்துப் பாட்டு! தங்கச்சி, இதை மாஸ்டருக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

அக்கரைப்பற்றுக் காக்கா:

எல்லாரும் விருது இல்லை, விருது இல்லை என்று எழுதுகிறீர்கள். விருது இருக்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். நான் கொழும்பில் எடிட்டிங் வேலை செய்கிறவன், டைட்டிலை வெட்டி ஒட்டுவதே என் பிழைப்பு, அதனால் இதைக் கவனித்து வருகிறேன்.

அமெரிக்காவின் டீவி விருதான எம்மியில் டைட்டில் இசைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. 2017இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’, 2019இல் ‘சக்சஷன்’ போட்ட நிக்கலஸ் பிரிட்டெல், 2022இல் ‘த வைட் லோட்டஸ்’ போட்ட கிறிஸ்டோபல் தாபியா டி வேர். எல்லாம் நல்ல தெரிவுதான். ஆனால் டேனி எல்ஃப்மன் போட்ட ‘சிம்ப்சன்ஸ்’ டைட்டில் 1989இலிருந்து இன்றுவரை ஓடுகிறது, அதற்கு எம்மி கிடைக்கவில்லை. அவருக்கு வேறு தொடர்களின் டைட்டிலுக்குத்தான் கிடைத்தது. மைக் போஸ்ட் என்று ஒருவர், ஐந்து கிராமி வாங்கினவர், அவருக்கு ஒரேயொரு எம்மி, அதுவும் 1996இல் ‘மர்டர் வன்’ என்று நம்மில் ஒருவரும் பார்க்காத தொடருக்கு. அவருடைய ‘லோ அண்ட் ஓர்டர்’ தொடரில் காட்சி மாறும்போது ‘டுங் டுங்’ என்று ஒரு சத்தம் வருமே, சிறைக்கதவு அடைபடுகிற ஓசையை எல்லாம் கலந்து செய்தது, அது உலகம் முழுக்கத் தெரியும். புதிதாக வந்த டைட்டிலை வந்த வருடமே எடை போடுகிறார்கள். சனங்களுக்கு ஒரு டைட்டில் பிடிபட இரண்டு மூன்று வருடம் வேண்டும். அதற்குள் நடுவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

இன்னொன்று, 2017இல் நெட்ஃபிளிக்ஸ் டைட்டிலைத் தாண்டிப் போகிற பட்டனைக் கொண்டு வந்தது. அதன் பிறகு எங்களிடம் வருகிற தயாரிப்பாளர் எல்லாரும் “அஞ்சு செக்கன் போதும் காக்கா” என்கிறார்கள். அஞ்சு செக்கனில் எங்கே வரவு, எங்கே தீர்மானம்.

அதனால் கீபோர்ட் தம்பி, மாஸ்டருக்குக் கேடயம் கேட்டுச் சண்டை பிடிக்க முதல், அவருடைய பெயர் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கட நாட்டுப் புலமைச் சொத்துச் சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கம். அதன்படி இசை உண்டானதுமே உரிமையும் உண்டாகிவிடும், பதிவு செய்யத் தேவையில்லை. போட்டவர் இருக்கும் வரைக்கும், அவருக்குப் பிறகு எழுபது வருடமும் செல்லும். ஆனால் கையெழுத்துப் போட்டு முழுதாக எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு. வெளிநாடுகளில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கியூ ஷீட் என்று ஒன்று நிரப்புவார்கள்: எந்த இசை, எத்தனை செக்கன், யார் போட்டது. ஒளிபரப்பாகிற ஒவ்வொரு தரமும் அதை வைத்துத்தான் போட்டவருக்கு ரோயல்டி, அதாவது உரிமைப் பணம், போகும். நான் எடிட் பண்ணின தமிழ் நிகழ்ச்சிகளில் ஒன்றுக்காவது அப்படித் தாள் நிரப்பியதை நான் கண்டதில்லை. நானாகக் கேட்டால் “அதெல்லாம் எதுக்கு” என்பார்கள்.

யாரிடமாவது கியூ ஷீட் மாதிரி ஒன்று தமிழில் இருந்தால் இங்கே போடுங்கள். இல்லையென்றால் இந்தக் கிழமை நானே ஒன்று அடித்துப் போடுகிறேன், கல்முனை, மட்டக்களப்பு ஸ்டூடியோக்காரர் எல்லாரும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.