‘வெட்டி’ இல்லாமல் பைசெக்டிங்குக்கு ஒரு சொல் (அவசரம்)

மஞ்சக்குப்பத்திலிருந்து:
அன்புடையீர், பல் மருத்துவ உதவியாளர் வகுப்புக்கான கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். பல்லை வேர்நுனிவரை எக்ஸ்ரே எடுக்க இரண்டு வழி. ஒன்றில் ஃபிலிம் ஹோல்டரில், பல்லின் நெட்டச்சுக்கு இணையாக நிற்கும். கதிர் இரண்டுக்கும் செங்குத்தாக விழும். இதற்கு ‘இணைநிலை முறை’ என்று போட்டாயிற்று. மற்றதில், அதாவது பைசெக்டிங்கில், ஃபிலிம் பல்லை ஒட்டிச் சாய்ந்திருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தைப் பாதியாக்கும் கற்பனைக் கோட்டுக்குச் செங்குத்தாகக் கதிரை விடுவார்கள். ‘கோண இருசமவெட்டி முறை’ என்று எழுதினேன். “பல்லையா சார் வெட்டுவாங்க?” என்று வகுப்பே சிரிக்கிறது. கோணம் தவறினால் படம் நீள்வதற்கும் குறுகுவதற்கும்கூடச் சொல் வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
தம்பி, முதலில் ‘எக்ஸ்ரே’யை எடுங்கள், ‘ஊடுகதிர்’ இருக்கிறது. ‘பல்’ என்றால் பலவும்தான், மயக்கம் தரும். பழஞ்சொல்லான ‘எயிறு’ என்க. நீள்வது அளபெடை, குறுகுவது குறுக்கம். இலக்கணத்திலேயே இருக்கும்போது ஏன் அலைய வேண்டும்?

லாஸ்பேட்டையிலிருந்து:
குறுக்கம் சரி. ஆனால் அளபெடை பிழையல்லவே ஐயா! ஓசை குறையாதபோதும் இனிமைக்காக நீட்டினால் இன்னிசை அளபெடை. இனிமைக்காக யாராவது பல்லை நீட்டுவார்களா? ‘நீட்சி’ போதும். முறைக்கு ‘நடுக்கோட்டு முறை’ என்கலாமா?

முத்தியால்பேட்டையிலிருந்து:
நான் பல் மருத்துவர். நடுக்கோடு என்றால் எங்களுக்கு முன்பற்களுக்கு நடுவே முகத்தை இரண்டாக்கும் கோடு. வேண்டாம். நீட்சியும் குறுக்கமும் கடலூர் சில்வர் பீச்சிலேயே புரியும்: காலைச் சூரியன் கீழே இருக்க நிழல் நீளம், உச்சிவெயிலில் குட்டை. கதிர் தாழ்ந்தால் நீட்சி, அதிகம் செங்குத்தானால் குறுக்கம்.
இணைநிலையில் ஃபிலிம் பல்லைவிட்டுத் தள்ளி நிற்பதால் படம் பெரிதாகும். அதைக் குறைக்கத்தான் எக்ஸ்ரே கருவியில் நீளக் கூம்பு. ஆனாலும் படம் அதில்தான் நம்பகம். ஆறு மாதம் கழித்து அதே கோணத்தில் மறுபடி எடுக்கலாம். அண்ணம் தாழ்ந்தவர்கள், ஓங்கரிப்பவர்கள், குழந்தைகள் என்றால் பைசெக்டிங்தான்.

லாஸ்பேட்டையிலிருந்து:
அப்படியானால் ‘சமநீள முறை’? 1907-இல் போலந்துப் பல் மருத்துவர் சீசின்ஸ்கி சொன்ன விதியே அதுதானே: ஒரு பக்கம் பொதுவாகவும் இரண்டு கோணங்கள் சமமாகவும் இருந்தால் இரண்டு முக்கோணங்களும் சமம், ஆகவே பல்லும் படமும் ஒரே நீளம்.

முத்தியால்பேட்டையிலிருந்து:
கணக்கில் சமம். வாயில், கை கொஞ்சம் அசைந்தாலே நீளம் மாறிவிடும். சொதப்ப வாய்ப்பு அதிகமுள்ள முறைக்குச் ‘சமநீளம்’ என்று பெயர் வைத்தால் மாணவி அந்தப் படத்தையே அளவுகோலாக நம்பிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் படித்த இருசமவெட்டியே இருக்கட்டும். பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் ‘பிசெக்த்ரிஸ்’ என்று படித்தோம், அதற்கும் சிரித்தோம்தான்.

லாஸ்பேட்டையிலிருந்து:
‘அரைக்கோண முறை’ என்று ஒன்று தோன்றியது. ‘அரைகுறை’ என்று காதில் விழுகிறது. விட்டுவிடுகிறேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:
வியாழன் இரவு 11 மணி. ‘இருசமவெட்டி முறை’ என்றே போகிறது, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘பைசெக்டிங்’. நீட்சி, குறுக்கம் உறுதி. எக்ஸ்ரே எக்ஸ்ரேயாகவே. டாக்டரம்மாவுக்கு நன்றி, நிழல் உதாரணத்தை அப்படியே சேர்த்துவிட்டேன்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
எயிறு பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் மறுப்பைப் பதிந்துகொள்க.