விசா முத்திரை காலாவதி, நாலு பேர், 2500 டாலர்: குலேப்ரா தீவுத் திட்டம் தேறுமா?

இட்லிப்பொடி:
வணக்கம். டாலஸில் இருக்கிறோம். நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள், எட்டு வயது மகன். எச்1பி நீட்டிப்பு வந்துவிட்டது, ஆனால் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா முத்திரை போன வருடமே காலாவதி, வெளிநாடு போனால் திரும்பி வருவது சிக்கல். அதனால் அலுவலகத்தில் யார் கான்கூன், பஹாமாஸ் என்று ஆரம்பித்தாலும் காதைப் பொத்திக்கொண்டு, போர்ட்டோ ரிக்கோ அமெரிக்கப் பகுதி, உள்நாட்டு விமானம்தானே என்று ஜூன் முதல் வாரத்துக்கு சீட்டு வாங்கிவிட்டேன். ஐந்து இரவு. விமானச் செலவு போக 2500 டாலர் இருக்கிறது.

என் திட்டம் இது: ஐந்து இரவும் தலைநகர் சான் ஹுவானில் அறை, விமான நிலையத்திலேயே ஒரு ஜீப் வாடகைக்கு, ஒரு நாள் அந்த ஜீப்பை ஃபெர்ரியில் ஏற்றி பக்கத்துத் தீவான குலேப்ரா போய் ஃபிளமெங்கோ கடற்கரையைப் பார்த்துவிட்டு மாலையே திரும்புவது, இன்னொரு நாள் படகில் ஸ்நார்க்கல் டூர் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, மிதந்தபடி மீன் பார்ப்பது). டூருக்கு ஆளுக்கு 150 கேட்கிறார்கள். 600 அங்கேயே போய்விடுகிறது.

இரண்டாவது பிரச்சினை மாஸ்க். போன வருடம் ஃப்ளோரிடாவில் வாடகைக்கு எடுத்த மாஸ்க்கில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மூக்குக்குக் கீழே தண்ணீர் ஏறியது. பட்டையை இறுக்க இறுக்க இன்னும் மோசம். மீன் பார்த்ததைவிட இருமியதுதான் அதிகம். மனைவிக்கு நீச்சல் தெரியாது, சைவம் வேறு. எங்கே குறைக்கலாம், எங்கே தப்பு செய்கிறேன்?

கடல்காகம்:
முதலில் அந்த ஜீப். வாடகைக் கார் கம்பெனிகள் பெரும்பாலும் காரை ஃபெர்ரியில் ஏற்ற விடுவதில்லை, ஒப்பந்தத்திலேயே போட்டிருப்பார்கள். ஏற்றி ஏதாவது ஆனால் காப்பீடும் கிடைக்காது. அதை மறந்துவிடுங்கள்.

குலேப்ராவுக்கு ஃபெர்ரி இப்போது கிழக்குக் கரையில் இருக்கும் செய்பா துறையிலிருந்து போகிறது. பழைய கட்டுரைகளில் ஃபஹார்டோ என்று இருக்கும், நம்பிப் போய் நிற்காதீர்கள், 2018-லேயே மாற்றிவிட்டார்கள். பெரியவர்களுக்கு ஒரு வழிக் கட்டணம் இரண்டேகால் டாலர். நாலு பேர் போய்வர 18 டாலரைத் தாண்டாது, நீங்கள் டூருக்கு வைத்திருக்கும் 600-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் மலிவு என்பதால்தான் தலைவலியும். தீவுக்காரர்களுக்கு முன்னுரிமை உண்டு, அது நியாயமும்கூட, அவர்களுக்கு அதுதான் பஸ், ஆஸ்பத்திரிக்கும் அதில்தான் போக வேண்டும். இணையத்தில் சீட்டு திறந்தவுடன் வாங்கிவிடுங்கள். திரும்பும் சீட்டையும் சேர்த்து. மாலைப் படகை நம்பி ஒரே நாளில் போய்வருபவர்கள்தான் கரையில் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே என் யோசனை, ஐந்தில் மூன்று இரவு குலேப்ராவிலேயே தங்குங்கள். அடுப்பு உள்ள சின்ன வீடாகப் பாருங்கள். ஒரு நாள் பயணத்தில் ஃபிளமெங்கோவை மட்டும்தான் பார்ப்பீர்கள், அது அழகான குதிரைலாட வளைவு, ஆனால் ஸ்நார்க்கலுக்கு அந்தத் தீவில் அதுவே முதல் இடம் இல்லை. வடக்கு பார்த்த கரை, அலை எழும்பினால் இழுக்கும். மேற்குப் பக்கம்தான் உங்களுக்கு. டாமரிண்டோ, மெலோனெஸ், கார்லோஸ் ரொசாரியோ, மூன்றும் காற்றுக்கு மறைவு. படகே வேண்டாம், கரையிலிருந்து இறங்கலாம். அந்தப் பக்கம் 1999-லிருந்து மீன்பிடி தடை செய்த காப்பகம், அதனால் மீனுக்குப் பஞ்சமில்லை.

டாமரிண்டோவில் கால் வைக்கும் இடம் கூழாங்கல். பத்திருபது மீட்டர் போனால் கடற்புல் மேடை, ஆழம் ஓர் ஆள் உயரம், கொஞ்சம் கூடக் குறைய. பச்சை ஆமைகள் அந்தப் புல்லை மாடு மேய்வதுபோல் பிய்த்துத் தின்னும். பின்னால் துரத்தக்கூடாது, ஒரே இடத்தில் மிதந்தால் அதுவாக மூச்சு வாங்க மேலே வரும். தொடுவது சட்டப்படி குற்றம், பையனிடம் முன்னாடியே சொல்லி வையுங்கள்.

ஈரத்துண்டு:
மாஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். மூக்குக்குக் கீழே என்கிறீர்கள். மீசை இருக்கா?

இட்லிப்பொடி:
இருக்கு. நல்லாவே இருக்கு. ஏன்?

ஈரத்துண்டு:
அதான். சிலிகான் ஓரம் தோலில் ஒட்ட வேண்டும், ஒவ்வொரு முடியும் தண்ணீர் ஏறுவதற்கு ஒரு வழி. பட்டையை இறுக்கினால் ஓரம் மடங்கி இன்னும் கசியும், உங்களுக்கு நடந்தது அதுதான். முழுசாக எடுக்கச் சொல்லவில்லை. மூக்குக்கு நேர் கீழே நாலைந்து மில்லிமீட்டர் மட்டும் மழித்தால் போதும், மாஸ்க்கின் கீழ் ஓரம் உட்கார இடம் கிடைக்கும். மனசு வரவில்லையென்றால் சிலிகான் கிரீஸ் கொஞ்சம் மீசையில் தடவுங்கள்.

வாங்கும்போது பட்டையைத் தலையில் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. நாலு பேருக்கும் ஊரிலேயே வாங்கிவிடுங்கள், மூன்று நாள் வாடகையைவிட லாபம். புது மாஸ்க்கின் கண்ணாடியில் ஒரு படலம் இருக்கும், உள்பக்கம் வெள்ளை டூத்பேஸ்ட் போட்டு விரலால் இரண்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவினால்தான் பனிபிடிப்பது குறையும். அப்புறம் கடலில் இறங்கும் முன் குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு, அல்லது எச்சில். எச்சில் இலவசம். முகம் முழுக்க மூடும் மாஸ்க் மட்டும் குழந்தைகளுக்கு வேண்டாம், விட்ட மூச்சே உள்ளே தங்கும் ஆபத்து இருக்கிறது.

புளிக்காய்ச்சல்:
நானும் நீச்சல் தெரியாதவள், உங்கள் மனைவிக்கு என் அனுபவத்தைச் சொல்லுங்கள். காற்று ஊதும் ஸ்நார்க்கல் உடுப்பை நம்பாமல் நல்ல லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டேன். முதலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே முகத்தை மட்டும் வைத்து, குழாயில் ஐம்பது மூச்சு. அது பழகிய பிறகுதான் காலை எடுத்தேன். காலைக் கிளப்பும் அந்த ஒரு நொடிதான் பயம்.

சாப்பாடு. சாதமும் பீன்ஸும் எங்கேயும் கிடைக்கும், ஆனால் பீன்ஸில் பன்றி இறைச்சி போட்டு வேக வைப்பது அங்கே வழக்கம். மொஃபோங்கோ என்று வாழைக்காயைப் பூண்டோடு இடித்துத் தருவார்கள், அதிலும் பன்றித்தோல் வறுவல் இருக்கலாம். "சின் கார்னே, சின் ஹமோன்" என்று கேளுங்கள், இறைச்சி இல்லாமல், ஹாம் இல்லாமல் என்று அர்த்தம். டோஸ்டோனெஸ் தட்டி வறுத்த வாழைக்காய், குழந்தைகள் விடமாட்டார்கள். எண்ணெய் மட்டும் எதற்கெல்லாம் பயன்பட்டது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தீவில் மளிகை விலை அதிகம், எல்லாம் அதே ஃபெர்ரியில்தானே வருகிறது. அரிசி, பருப்பு, ஊறுகாயை டாலஸிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள், சின்ன குக்கரோடு. சாயங்காலம் கொசுவைவிடச் சின்னப் பூச்சி ஒன்று காலைப் பிடுங்கும், தைலம் வேண்டும்.

ஊர்க்குருவி:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் ஜானில் பாதிக்கு மேல் தேசியப் பூங்கா, பவளமும் நன்றாக இருக்கும், அதையும் பார்த்தீர்களா?

கடல்காகம்:
அழகுதான், ஆனால் அறை வாடகை இவர் பட்ஜெட்டை விழுங்கிவிடும். இன்னொன்று, வர்ஜின் தீவுகளும் அமெரிக்கப் பகுதிதான் என்றாலும் அங்கிருந்து கிளம்பும்போது எல்லை அதிகாரிகள் ஆவணம் பார்ப்பார்கள். முத்திரை காலாவதியான வீட்டில் விடுமுறையின் கடைசி நாள் அந்தப் பதற்றம் எதற்கு? சான் ஹுவானிலிருந்து திரும்பும்போது விவசாயத் துறை பையை ஸ்கேன் செய்வதோடு சரி. எப்படியும் பாஸ்போர்ட், ஐ-797 (நீட்டிப்பு ஒப்புதல் கடிதம்), ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு) மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

கார்லோஸ் ரொசாரியோ போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஃபிளமெங்கோ வாகன நிறுத்தத்திலிருந்து மேட்டைத் தாண்டி இருபது நிமிட நடை, வழியில் வெடிகுண்டு அபாயம் என்று பலகை இருக்கும். வேடிக்கை இல்லை. அமெரிக்கக் கடற்படை பல காலம் அந்தத் தீவைச் சுட்டுப் பழகும் இலக்காக வைத்திருந்தது, 1971-ல் மக்கள் போராட்டம் வெடித்து, 1975-ல்தான் பயிற்சியை நிறுத்தினார்கள். ஃபிளமெங்கோ மணலில் துருப்பிடித்த டாங்கி நிற்பதும் அதன் மிச்சம்தான். பாதையை விட்டு விலகாதீர்கள், கடலடியில் துருப்பிடித்த உலோகம் எதைக் கண்டாலும் கை வைக்காதீர்கள்.

இட்லிப்பொடி (ஜூன்):
போய்விட்டு வந்துவிட்டோம். மூன்று இரவு குலேப்ரா, இரண்டு சான் ஹுவான். டூர் ரத்து. செய்பாவுக்கு வேன், தீவில் இரண்டு நாள் கோல்ஃப் வண்டி வாடகை, வீடு, எல்லாம் சேர்த்து 2140-ல் முடிந்தது. போகும்போது ஃபெர்ரி ஒன்றரை மணி நேரம் தாமதம், வரிசையில் வெயில், யாருக்கும் யாரோடும் பேச்சில்லை.

மீசையை நாலு மில்லிமீட்டர் எடுத்தேன். ஒரு சொட்டு ஏறவில்லை. மகள் பார்த்துவிட்டு, "அப்பா, மூக்குக்கும் மீசைக்கும் நடுவுல ரோடு போட்டிருக்காங்க" என்றாள், அது இப்போது வீட்டில் நிரந்தரமாகிவிட்டது.

டாமரிண்டோவில் முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் காலை ஏழரைக்கு இறங்கினோம். மனைவி லைஃப் ஜாக்கெட்டோடு இடுப்பளவில் நின்று ஐம்பது வரை எண்ணிக்கொண்டிருந்தபோது, முப்பத்துச் சொச்சத்தில், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஆமை மேலே வந்து தும்முவதுபோல் மூச்சு விட்டுவிட்டு இறங்கியது. நான் அப்போது ஐம்பது மீட்டர் தள்ளி கடற்புல்லை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று யாரும் சொல்லவில்லை. சான் ஹுவான் சந்தையில் வாங்கிய ஆறு மாம்பழத்தையும் விமான நிலைய ஸ்கேனில் பிடித்துவிட்டார்கள், மாம்பழம் கொண்டுபோகக் கூடாதாம். அங்கேயே நின்று நாலை நாலு பேரும் சாப்பிட்டோம். இரண்டை அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கடல்காகம்:
அய்யோ, மன்னிக்கவும். அடுத்த தடவை பலாக்காய் பற்றியும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.