சைக்கிளுக்கு ஆழ ரிம் போட்டும் வேகம் வரவில்லை, ஹாண்டில் இழுக்கிறது. உதவி!

வேலணைப் பொடியன்:
அண்ணைமார், அவசரம். சனிக்கிழமை பொடியளோடு ஊர்காவற்றுறை ஓட்டம். காற்றை வெட்டும் என்றார்கள், சைக்கிளின் இரண்டு சில்லுக்கும் 50 மில்லிமீற்றர் ஆழ ரிம் (டயருக்கு உள்ளே கம்பிப் பக்கம் உயரம் கூடின வளையம்) போட்டேன். வேகம் கூடவேயில்லை, பண்ணைப் பாலத்தில் ஹாண்டில் தன்பாட்டில் இழுக்கிறது. என்ன பிழை?

கொக்குவிலான்:
வழமையாக மணிக்கு எத்தனை கிலோமீற்றரில் ஓடுகிறீர்? டயர் அகலம்? எந்த நேரம் ஓடினீர்?

சில்லுவைத்தியன்:
செயினைப் பாரும். உப்புக்காற்றில் எண்ணெய் நிற்காது. முக்கால்வாசிப் பிரச்சினை செயின்தான்.

பழைய றேஸ்காரன்:
தம்பி, வாங்க முதல் கொஞ்சம் வாசித்திருக்கலாம். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும், அதை வெல்லும் வலு மும்மடியோடு. 25ல் இருந்து 30க்குப் போகக் காற்றுக்கு மட்டுமே 1.7 மடங்கு வலு வேண்டும். அந்தக் காற்றில் பெரும்பங்கைப் பிடிப்பது உம்முடைய உடம்பு, ரிம் இல்லை. நெஞ்சை நிமிர்த்தி, ஷேர்ட் பாய்மரம் மாதிரிப் புடைக்க ஓடிக்கொண்டு ரிம்மைக் குறை சொன்னால் எப்படி? முழங்கையை மடக்கித் தலையைத் தாழ்த்தும். காசு செலவில்லை.

வேலணைப் பொடியன்:
25, 26 வரும். ஷேர்ட்தான், உண்மை. ஆனால் இழுப்பது ஏன்? பின்னேரம்தான் ஓடினேன்.

கொக்குவிலான்:
பின்னேரமா, அப்ப சோளகம், தென்மேற்குக் காற்று. பண்ணையில் இரண்டு பக்கமும் கடல், மறைப்பே இல்லை. குறுக்கால் வரும் காற்றை ஆழ ரிம் பிடிக்கும். பின்சில்லு சட்டத்தோடு இறுகி நிற்பதால் அவ்வளவு தெரியாது, முன்சில்லு ஹாண்டிலோடு திரும்புவதால் கை இழுபடும். முன்னுக்குப் பழைய ரிம்மைப் போடும், பின்னால் இது இருக்கட்டும்.

பழைய றேஸ்காரன்:
1989 துவர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள், பாரிசில் முடிந்தது, தெரியுமா? 50 செக்கன் பின்தங்கியிருந்த லெமொண்ட், ஹாண்டிலில் நீட்டுப் பார் பூட்டி முழங்கையை ஒடுக்கி ஓடி 8 செக்கனில் வென்றார். அதுவரை முன்னணியில் இருந்த பின்யோன் ஹெல்மெட் இல்லாமல் குடுமியோடு ஓடினார்.

சில்லுவைத்தியன்:
பின்யோனுக்கு சீட்டில் இருக்க முடியாத புண். பழியைக் குடுமியில் போடாதேங்கோ.

பழைய றேஸ்காரன்:
24.5 கிலோமீற்றரில் 58 செக்கன் புண்ணால் மட்டும் போகுமா?

சில்லுவைத்தியன்:
அப்ப குடுமியால் போகுமா?

கொக்குவிலான்:
இரண்டு பேரும் பாரிசுக்குப் போய்விட்டீர்கள். தம்பி, டயர் அகலம் இன்னும் சொல்லவில்லை.

வேலணைப் பொடியன்:
முன்சில்லு மாற்றியாச்சு, இழுவை இல்லை. குனிந்து ஓடினால் 28 பிடிக்கிறது, நாரிதான் நோகிறது. நன்றி.

சில்லுவைத்தியன்:
கழற்றின ரிம்மை விற்பதென்றால் எனக்கு முதலில் சொல்லும்.