நெட்வொர்க்எக்ஸ் படம்: பெருசாக்கியும் பேரெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. எங்க ஊர்த் தோட்டங்கள்ல எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி வருதுன்னு ஆறு மாசம் குறிச்சு வெச்சிருக்கேன், எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு. பைத்தான்ல வலைப்படம் போடற நெட்வொர்க்எக்ஸ் லைப்ரரியில 118 நோட் (பூ, பூச்சி ஒவ்வொண்ணுக்கும் ஒரு வட்டம்), 260 எட்ஜ் (எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சின்னு காட்டற கோடு). கோடுங்க இழுக்க, வட்டங்க ஒண்ணையொண்ணு தள்ளற ஸ்பிரிங் லேஅவுட்ல வரைஞ்சா நடுவுல ஒரே கும்பல். டிபிஐ-யை (அங்குலத்துக்கு எத்தனை புள்ளிங்கறது) 300 ஆக்கினேன், ஃபைல்தான் பெருசாச்சு. தும்பை எங்க, ஆவாரை எங்கன்னு எனக்கே தெரியல. வெள்ளிக்கிழமை கைடுகிட்ட காட்டணும்.

பதில்:
டிபிஐ கூட்டினா படம் துல்லியமாகும், இடம் கூடாது. எழுத்தும் வட்டமும் பாயின்ட் (அங்குலத்துல 72-ல ஒரு பங்கு) கணக்குல இருக்கறதால அதே விகிதத்துல அதுவும் வளரும். இடம் வேணும்னா ஃபிக்சைஸை (படத்தோட அகலம், உயரம்) கூட்டுங்க. படத்தை வரையற மேட்பிளாட்லிப் லைப்ரரி தானாத் தர்றது 6.4-க்கு 4.8 அங்குலம்தான், 16-க்கு 12 வெச்சுப் பாருங்க. ஃபிக்சைஸ் கொடுக்கற ஃபிகர் வரி, வரையற டிரா கட்டளைக்கு முன்னாடி வரணும். பின்னாடி போட்டா வெறும் படம் ஒண்ணு புதுசாத் திறக்கும். வட்டத்தோட அளவைச் சொல்ற நோட்_சைஸ் பரப்பளவுங்கறதையும் மனசுல வெச்சுக்கங்க: 300-ஐ 1200 ஆக்கினாத்தான் வட்டத்தோட அகலம் இரண்டு மடங்கு.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. 16-க்கு 12 வெச்சேன். படம் பெருசாச்சு, ஆனா மூணு புள்ளி ஓரத்துல ஒதுங்கி நிக்க, மத்ததெல்லாம் இன்னும் நடுவுலதான்.

இன்னொருவர்:
அந்த மூணும் எட்ஜ் இல்லாத நோடா?

கேட்டவர்:
ஆமாங்க. பூச்சியே வராத மூணு பூ.

இன்னொருவர்:
அங்கதான் சிக்கல். இழுத்துப் பிடிக்க எட்ஜ் இல்லாததால விலக்கு விசை அதுகளைத் தூரமாத் தள்ளுது. அப்புறம் மொத்தப் படத்தையும் ஒரே சட்டத்துக்குள்ள அடக்கும்போது மீதி 115-உம் சுருங்கிடுது. அந்த மூணை விட்டுட்டு லேஅவுட் போடுங்க. ஆனா தூக்கிப் போட்டுடாதீங்க, பூச்சி வரலைங்கறதும் ஆறு மாச உழைப்புல கிடைச்ச தகவல்தான். ஓரமா ஒரு வரிசையில நீங்களே இடம் குறிச்சு வெச்சிடுங்க. கே-யோட (வட்டங்களுக்கு நடுவுல லேஅவுட் வெக்கப் பார்க்கற இடைவெளி) மதிப்பு உங்க படத்துக்குத் தானா 0.09 கிட்ட இருக்கும், 0.3 வரைக்கும் ஏத்திப் பாருங்க. சீட் (தற்செயலாத் தேர்வாகற தொடக்க இடங்களை நிலையாக்கற எண்) ஒண்ணு கொடுத்துடுங்க, இல்லேன்னா ஒவ்வொரு தடவையும் படம் மாறும்.

கேட்டவர்:
பிரிஞ்சிடுச்சு! இன்னும் ஒண்ணே ஒண்ணு. தமிழ் ஃபான்ட் கொடுத்தும் 'தேனீ'யில ஏகாரக் கொம்பு தகரத்துக்குப் பின்னாடி போய் நிக்குது.

பதில்:
எஸ்விஜி-யா (பிரவுசர்ல திறக்கற பட ஃபைல் வகை) சேமிங்க. அதுக்கு முன்னாடி மேட்பிளாட்லிப் அமைப்புல எஸ்விஜி.ஃபான்ட்டைப்-ஐ 'நன்' (none) ஆக்கிடுங்க. அப்ப எழுத்து எழுத்தாவே போகும், பிரவுசர் கொம்பைச் சரியாப் போட்டுடும்.

கேட்டவர்:
வந்துடுச்சுங்க. எருக்குலேருந்து தச்சுத் தேனீக்குப் போற கோடு இப்பத் தனியாத் தெரியுது.